நிமிடத்துக்கு இருபத்தெட்டுச் சுற்று

போன மாதம் திருவொற்றியூரில் நாம் கூடியபோது, ஆளுக்கொரு ஜாஸ் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு முதன்முதலாகப் பிடித்துப்போனது இதுதான்" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். என் முறை நெருங்கியதும் நான் காலியான பக்கோடாத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். நம் எல்லோருக்கும் ஞாபகம் நழுவுகிற வயது என்பதால் யாரும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. எனக்கு மறதியெல்லாம் இல்லை. அந்த ஆல்பத்தின் பெயர் எனக்குத் தெரியாது. வாசித்தவர்கள் யாரென்றும் தெரியாது. தவிர, அதைப் பற்றி நான் பத்து வயதில் ஒரு பொய் சொன்னேன். பக்கோடாவைக் கடித்துக்கொண்டே சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அதனால் எழுதி அனுப்புகிறேன்.

அப்போது நாங்கள் ராயபுரத்தில், ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு எண்ணூர் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அம்மா துறைமுக அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர், டிரங்க் கால் என்கிற வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுப்பவள். காதில் மாட்டும் கருவி அழுத்தி அழுத்தி அம்மாவின் தலைமுடியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். எண்ணெய் வைத்துச் சீவினாலும் அந்தப் பள்ளம் போகாது.

அந்தப் பங்குனியில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். இருபது நாள் இருந்தான்.

அதன் பிறகு அம்மாவைச் சுற்றி எல்லோரும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். எதிர்வீட்டு அக்கா தன் கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அப்பா, சத்தம் வரக்கூடாது என்று, டம்ளரைக்கூடப் பூப்போல வைப்பார். என்னிடமும் சொல்லியிருந்தார்கள்: அம்மா முன்னால் ஓடாதே, சிரிக்காதே, எதையும் கேட்காதே. நான் கேட்கவில்லை.

லீவு முடிந்து அம்மா வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், ஒரு சனிக்கிழமை, வழக்கமாக ஐந்தரைக்கு வருகிறவள் ஏழு மணிக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. "அண்ணாச்சி கடையில ஒரு பாட்டு கேட்டேன்" என்றாள். அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அண்ணாச்சி என்று நான் சொல்வது, துறைமுகத்துக்குப் போகிற தெருமுனையில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்துகொண்டிருந்தவரை. தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். நங்கூரம் போட்டிருக்கும் கப்பலுக்கு அரிசி, காய்கறி, மாட்டுக்கறி, சோப்பு, கயிறு என்று எது வேண்டுமானாலும் ஏற்றிவிடுவார். கடைக்குள் நுழைந்தால் காய்ந்த மிளகாய், தார் பூசிய கயிறு, வெங்காயம் மூன்றும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும். எப்போதாவது வெளிநாட்டு ஆப்பிள் இருக்கும். ஒவ்வொன்றும் ஊதா நிற மெல்லிய காகிதத்தில் சுற்றியிருக்கும். ஆப்பிளைவிட அந்தக் காகிதத்துக்காக நான் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பேன்.

கப்பல்காரர்கள் அவரிடம் பழகிவிட்டால் ஊருக்குத் திரும்பும்போது எதையாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் ரிக்கார்டுகள். மாடியறையில் ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருந்தார். ஐம்பது அறுபது இருக்கும், அத்தனையும் ஜாஸ். கோதுமை கொண்டுவந்த அமெரிக்கக் கப்பல் ஒன்றின் மெஸ்ஸில் இருந்த ரிக்கார்டு பிளேயரும் அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. பச்சை நிறம், மூடி திறந்தால் உள்ளே சிவப்பு. அதற்கு நம் கரண்ட் ஒத்துவராது என்று மண்ணடியில் சொல்லி ஒரு டிரான்ஸ்பார்மர் செய்து வாங்கி, செங்கல் போல அதைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

அன்றைக்கு அம்மா கேட்டது அந்தப் பெட்டியில் இருந்த ஒரு ரிக்கார்டை. சைக்கிளில் வந்த யாரோ மணியடித்துக் கத்தும் வரை தெருவின் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். அண்ணாச்சி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "யம்மா, வெயில்ல நின்னு கேக்கதுக்கு மேல வந்து உக்காந்து கேளுங்க" என்றிருக்கிறார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. அண்ணாச்சி கோயிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் இரண்டரை மணிக்கு. நாலு மணிக்கு முடித்துவிடுவோம். ஏனென்றால் மூன்றாவது ஆளான தையல்கார பாய் அசர் தொழுகைக்குப் போக வேண்டும். பாய் கப்பல்களுக்குக் கொடியும் தார்ப்பாயும் தைப்பவர். நாலாவது ஆள் நான். அம்மா என்னைத் துணைக்கு அழைத்துப் போனாள் என்று அப்பா நினைத்தார். நான் பாட்டுக்குத்தான் போனேன்.

நீங்கள் இப்போது ஆல்பங்களைப் பற்றிப் பேசுகிற பேச்சைக் கேட்டால் அவர்கள் மிரண்டு போயிருப்பார்கள். அவர்களுக்கு வருடமும் தெரியாது, கம்பெனியும் தெரியாது. ஆனால் விடமாட்டார்கள். பாய் முழுக்க டிரம்ஸ் கட்சி. தையல் மெஷினை மிதிப்பதுபோல வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே கேட்பார். "இவன் பாரு, தையல் நேரா போயிகினே கீது. போன வாரம் போட்டமே, அந்தாளு துணிய இஸ்து இஸ்து தைக்கிறான்" என்பார். அண்ணாச்சிக்கு ஆள் அதிகம் இருந்தால்தான் பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறவர்களை எண்ணுவார். "பதினாறு பேர் இருக்கானுவ. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை சாப்பாடு போட்டாலும் நமக்கு ஒரு மாட்டுத்தொடை வேணும்" என்பார். எனக்குப் பிடித்தது பியானோ மட்டும் இருந்த ஒன்று. அதை அண்ணாச்சி, "ஒத்த ஆளு கப்பல்" என்று கேலி செய்வார். நான் விடாமல் வாரம் தவறாமல் அதைக் கேட்டு வாங்கிப் போடச் செய்வேன்.

பிளேயர் ஒன்றுதான் என்பதால் ரிக்கார்டை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டோம். அட்டையை எடுத்துப் போவோம். ஒரு வாரம் வைத்துக்கொண்டு பார்க்கலாம், அடுத்த ஞாயிறு திரும்பக் கொண்டுவந்து அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். இது அம்மா போட்ட விதி. பாய் அட்டைகளைக் கடையில் கொடிகளுக்கு நடுவே மாட்டி வைப்பார். என் முறைக்கு நான் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவேன். பழைய அட்டைக்கு ஒரு வாசனை உண்டு, நனைந்து காய்ந்த புத்தகமும் சிகரெட்டும் சேர்ந்தது போல. இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் நின்றுவிடுகிறேன்.

அம்மாவின் ரிக்கார்டு, முதல் நாள் தெருவில் நின்று கேட்டது, எப்போதும் கடைசியில்தான். அட்டையில் இருந்தது இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் வேறு ஏதோ பாஷை. குளிர்நாட்டுக் கப்பல் ஒன்றிலிருந்து வந்தது என்பது மட்டும் அண்ணாச்சிக்கு ஞாபகம். ஒரு கிளாரினெட், ஒரு கித்தார், பின்னால் மெல்லிய டிரம்ஸ். கிளாரினெட் கனத்துப் போய், இருட்டில் படியைத் தடவிக்கொண்டு இறங்குகிற மாதிரி ஒவ்வொரு சுரமாக இறங்கும். கடைசிப் பாட்டு முடிந்ததும், ஊசி நடுவுக்குப் போவதற்கு முன், மனிதக் குரல் ஒன்று கேட்கும். வார்த்தை கிடையாது. யாரோ நெஞ்சுக்குள் விம்முவது போல இரண்டு மூன்று விநாடி.

அந்த இடம் வரும்போது யாரும் அசையமாட்டோம். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும் ஜன்னல் அது.

ஆனால் அட்டைப் படத்தில் ஒரு சின்னப் படகில் ஐந்து பேர் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இது எங்களுக்குப் பெரிய புதிராக இருந்தது. "அட்டை மாறிப் போச்சு, வேற ரிக்கார்டு அட்டையில போட்டுட்டான்" என்றார் அண்ணாச்சி. "துக்கத்த வெளிய காட்டாத ஜனங்க போலக்கீது" என்றார் பாய். அம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது முன்னாடி எடுத்த படம். அதுக்கப்புறம் இவங்களுக்கு என்னமோ நடந்திருக்கு" என்றாள்.

எனக்கு அம்மா சொன்னதுதான் சரி என்று பட்டது. படகில் இருந்த ஐந்து பேருக்கும் என்ன நடந்திருக்கும் என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறேன்.

சித்திரை கடைசியில் பாய் ஒரு புது ஆளைக் கூட்டி வந்தார். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர். பட்டறைக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர். பேண்டுக்குப் பாய்தான் சட்டை தைப்பார். ஒல்லியாக, கூச்சமாக இருப்பார். நகக்கண்ணில் எல்லாம் கருப்பு ஆயில். முதல் வாரம் அவர் ஒன்றுமே பேசவில்லை. ஒவ்வொரு ரிக்கார்டுக்கும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, விரல்களைத் தொடையில் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் ரிக்கார்டு முடிந்ததும் எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் தன் கிளாரினெட்டைக் கொண்டுவந்தார். அம்மாவின் ரிக்கார்டை முதலிலேயே போடச் சொல்லி, கூடவே வாசிக்கப் பார்த்தார். இரண்டு இடத்தில் நிறுத்தினார். அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னான்னு கேட்டா… தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி" என்றார் டர்னர். "இந்த ரிக்கார்டுல கிளாரினெட் எறங்குற எடத்துக்கு கிளாரினெட்டால எறங்க முடியாது. அவ்ளோ கீழ சுரமே கெடையாது அதுல."

"அதான் ரிக்கார்டுல இறங்குதுல்லா?"

"மிஷின் ஸ்லோவா ஓடிகினு கீது. அதான்."

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "என்னவே சொல்லுதீரு? அமெரிக்காக்காரன் கப்பல்ல இருந்த மிஷினு இது. உம்ம பட்டறையில செஞ்சதுன்னு நெனச்சீரா?"

"கோவப்படாதீங்க. எல்லா ரிக்கார்டும் ஸ்லோவாத்தான் போவுது. இந்த ரிக்கார்டு சோகமே இல்ல." அம்மா பக்கம் பாதி திரும்பி, பார்க்காமல் சொன்னார்: "அக்கா, இது டான்ஸ் ஆடுற பாட்டு. கடைசில வருதே, அது கூட…"

அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தக் குரல் விம்மலே இல்லை என்கிறார் என்பது சொல்லாமலே அறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பாய் இருவருக்கும் நடுவில் வந்து, "அட, பேஜார் பண்ணாதீங்கப்பா. எண்ணிப் பாத்துட்டா தெரிஞ்சுபோவுது" என்றார். டர்னர் சொன்னார், ரிக்கார்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று சுற்ற வேண்டும், குறைந்தால் தான் சொல்வது சரி. ரிக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் சாக்பீசால் ஒரு புள்ளி வைத்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அண்ணாச்சியிடம் கொடுத்தார். யார் எண்ணுவது என்று வந்தபோது அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "நீ எண்ணு பிள்ளே. கொழந்தை பொய் சொல்லாது."

ரிக்கார்டைச் சுழல விட்டார்கள். அண்ணாச்சி, "ஆங்" என்றதும் நான் எண்ண ஆரம்பித்தேன். சத்தமில்லாமல், உதட்டால் மட்டும். பிளேயரின் மோட்டார் சூட்டில் ஒரு ரப்பர் வாசனை வந்துகொண்டிருந்தது. வெளியே ஏதோ கப்பல் சங்கு ஊதியது. இருபது எண்ணும்போது நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு மாதமாகத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். ஒரு மாதமாகத்தான் ராத்திரியில் எழுந்து கூடத்தில் உட்காருவதில்லை.

"போதும்" என்றார் அண்ணாச்சி. நான் எண்ணியது இருபத்தெட்டு.

"எவ்வளவு பிள்ளே?"

"முப்பத்திமூணு" என்றேன்.

அண்ணாச்சி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "கேட்டீராவே? பட்டறைக்காரருக்குக் காது பட்டறையிலயே கழண்டு விழுந்துட்டு." பாயும் சிரித்தார். டர்னர் என்னைப் பார்த்தார். ஒரு விநாடி இருக்கும். பிறகு கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, "பாப்பா சொன்னா சரிதான். என் காதுதான் கெட்டுப்போச்சு போலக்கீது" என்றார். கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அதற்கு எவ்வளவு நேரம் ஆனதென்று நினைக்கிறீர்கள்? அந்தப் பெட்டி மூடும் வரை நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. "காது வைத்தியருகிட்ட போயிருப்பாரு" என்று அண்ணாச்சி கேலி பேசினார். எனக்கு ஆப்பிள் ஒன்று கொடுத்தார், ஊதாக் காகிதத்தோடு. நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கடித்தால் விழுங்க முடியவில்லை. என் பியானோ ரிக்கார்டைக் கேட்கவும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் சாக்பீஸ் புள்ளிதான் சுற்றியது.

அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா இரவு ஷிப்டுக்குப் போவதற்காக எழுந்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா பின்னுவதை நிறுத்தாமலே கேட்டாள்:

"அன்னிக்கு எத்தனை எண்ணின?"

நான் ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் டிரங்க் கால் ஆபரேட்டர். மூணு நிமிஷம் ஆச்சுன்னா கடிகாரம் பார்க்காமலே லைனைக் கட் பண்றவ. அந்த ஒரு நிமிஷம் நான் பக்கத்துலதான் நின்னேன். உன் உதடு எத்தனை தடவை அசைஞ்சுதுன்னு எனக்குத் தெரியும்."

"இருபத்தெட்டு" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அம்மா பின்னலை விட்டுவிட்டு என்னைத் தன் பக்கம் திருப்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எனக்காகவா மாத்திச் சொன்ன?"

தலையாட்டினேன். அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா கடைசிப் பொத்தானில் கையை வைத்தபடியே நின்றிருந்தார். அவருடைய முகத்தில் அம்மாவுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கும் தெரியுமா?"

அப்பா அந்தப் பொத்தானைப் போட்டு முடித்தார். "அமெரிக்கா மிஷின்னு நீ சொன்ன அன்னிக்கே ஒரு சந்தேகம். அங்க கரண்ட் செகண்டுக்கு அறுபது தடவை துடிக்கும். இங்க அம்பது. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் கொறைக்கும், இதை ஒண்ணும் பண்ணாது. அங்க செஞ்ச மோட்டார் இங்க மெதுவாத்தான் சுத்தும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ நல்லாப் போயிட்டு வந்துட்டு இருந்த. எதுக்குக் கெடுக்கணும்னு…"

அம்மா எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் பங்குனிக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பேசாத ஒரு குரலில் பேசினாள். "என் குழந்தை போயிடுச்சு. அதை நான் தாங்கிட்டுத்தான் இருக்கேன். உங்களுக்கெல்லாம் என்னைப் பார்த்தா கண்ணாடி டம்ளர் மாதிரி இருக்கா? ஒரு பாட்டு வேகமா ஓடினா நான் உடைஞ்சு போயிடுவேனா? குழாயடியில பேச மாட்டேங்கிறாங்க. நீங்க அவன் பேரைச் சொல்ல மாட்டேங்கிறீங்க. இவ பத்து வயசுல எனக்காகப் பொய் சொல்றா. எனக்காக ஒரு மனுஷனை அசிங்கப்படுத்தி அனுப்பிட்டோம்."

அப்பா அன்றைக்குத் தாமதமாகத்தான் வேலைக்குப் போனார். கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தம்பிக்கு வைத்திருந்த பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் சொல்லக்கூடிய பெயராகிவிட்டது.

மறுநாள் அம்மா அரை நாள் லீவு போட்டு, என்னை அழைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பெரம்பூருக்குப் போனாள். பாயிடம் விலாசம் வாங்கி வைத்திருந்தாள். ரயில்வே குடியிருப்பு. டர்னர் வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப் போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் மனைவி எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். சொல்ல வேண்டியதை நானே சொல்ல வேண்டும் என்று அம்மா பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள்.

"நான் எண்ணினது இருபத்தெட்டு" என்றேன்.

"தெரியும் பாப்பா" என்றார் அவர். "நானும் மனசுல எண்ணிகினுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ நிமிந்து உங்கம்மாவப் பாத்தியே, அத்தப் பாத்துட்டேன். சரி, போவட்டும்னு வுட்டுட்டேன்."

அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களுமா?" என்றாள். பிறகு சிரித்தாள். கோபத்தில் தொடங்கிய சிரிப்பு, நடுவில் எங்கேயோ மாறி நிஜமான சிரிப்பாகிவிட்டது. அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார். "அந்த மிஷினைச் சரியா ஓட வைக்க முடியுமா?" என்று அம்மா கேட்டாள். "அந்தப் பாட்டு நிஜத்துல எப்படி இருக்கும்னு எனக்குக் கேட்கணும்."

ஒரு வாரத்தில் செய்துவிட்டார். மெட்டி அளவுக்கு ஒரு பித்தளை வளையம். பட்டறையில் புஷ் என்பார்கள். மோட்டாரின் தண்டு மேல் அதை மாட்டினால் தண்டு கொஞ்சம் பருமனாகி, தட்டு வேகமாகச் சுற்றும். கழற்றினால் பழையபடி. கை விரலால் மாட்டிக் கழற்றலாம். கொண்டுவந்த நாள் அதை என் உள்ளங்கையில் வைத்தார். பட்டறையின் சூடு இன்னும் இருப்பது போல எனக்குத் தோன்றியது. அவர் சட்டைப் பையில் இருந்த சூடாகத்தான் இருக்கும்.

அண்ணாச்சியிடம் அம்மா நேராகச் சொல்லிவிட்டாள், எண்ணிக்கை இருபத்தெட்டு என்று. அவர் என்னைப் பார்த்தார், பிறகு டர்னரைப் பார்த்தார். "உங்க மிஷின் மேல குத்தம் இல்ல அண்ணாச்சி. நம்ம ஊர் கரண்ட் அதுக்குப் புதுசு" என்றாள் அம்மா. அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டே எழுந்தார். பிறகு கீழே போய், கடையில் இருந்ததிலேயே பெரிய ஆப்பிளாகப் பார்த்து எடுத்துவந்து டர்னர் கையில் வைத்து, "உம்ம காதுக்கு ஒண்ணும் இல்லவே. நாந்தான் செவிடு" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. டர்னரும் எதிர்பார்க்கவில்லை.

வளையத்தை மாட்டி அம்மாவின் ரிக்கார்டைப் போட்டார்கள்.

உங்களுக்கு எப்படிச் சொல்வது? அது வேறு ஆள். படியைத் தடவிக்கொண்டு இறங்கிய கிளாரினெட் இப்போது இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கியது. கித்தார் பின்னாலேயே துரத்தியது. பாயின் கால் தடுமாறி, வேகத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபடி மிதிக்க ஆரம்பித்தது. "யா அல்லா, இவன் ஓட்டுறது பவர் மிஷினு" என்றார். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. யாரோ அழுகிறார் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போய், அவர் தும்மிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

கடைசிப் பாட்டு முடிந்தது. அந்தக் குரல் வந்தது. இப்போது சந்தேகமே இல்லை. யாரோ ஒருவர், நன்றாக வாசித்து முடித்த களிப்பில், அடக்கப் பார்த்து முடியாமல் சிரிக்கிறார்.

நாங்கள் நாலு பேரும் அம்மாவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். அம்மா, "திருப்பிப் போடுங்க" என்றாள். திருப்பிப் போட்டோம். மூன்றாவது தடவையும் கேட்டாள். பிறகு, "நல்லா இருக்கு. ஆனா எனக்கு மத்ததும் வேணும். அந்த வளையத்தைக் கழட்டி ஒரு தடவை போடுங்க" என்றாள். டர்னர் கழற்றினார். பழைய பாட்டு, பழைய இருட்டு, பழைய விம்மல். சிரிப்பென்று தெரிந்த பிறகும் அது விம்மலாகத்தான் கேட்டது.

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. மற்ற ரிக்கார்டுகள் எல்லாம் சரியான வேகத்தில். அவற்றைப் பற்றிப் பேசியதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியிருந்தது. அண்ணாச்சி பதினாறு பேரை மறுபடி எண்ணிப் பதினான்கு என்றார். என் பியானோக்காரர் அவ்வளவு யோசிக்கிற ஆள் இல்லை என்று தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் கட்சி மாறவில்லை. டர்னர் சில வாரம் கிளாரினெட் கொண்டுவந்து கூடவே வாசிப்பார். கடைசியில், நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், வளையத்தைக் கழற்றி அம்மாவுக்காக ஒரு பக்கம் மெதுவாக.

இதில் யாருடைய காதும் தப்பில்லை என்று இப்போது நினைக்கிறேன். நாம் பேசும்போது "ஒரிஜினல்" என்ற வார்த்தையை நீங்கள் அழுத்திச் சொல்வீர்கள். எனக்கு அந்த வார்த்தை வரும்போதெல்லாம் நாக்கு தயங்கும். இரண்டு வேகத்திலும் அதைக் கேட்டவள் நான். பெரியவர்கள் தப்பு செய்தது பாட்டைக் கேட்பதில் இல்லை. அம்மாவை எடை போட்டதில்தான். அந்தத் தப்பைப் பத்து வயதில் நானும் செய்தேன்.

அண்ணாச்சி சில வருடம் கழித்துத் தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டார். பிளேயரும் பெட்டியும் அவரோடு போயின. வளையம் யாரிடம் தங்கியது என்று தெரியவில்லை. படகு அட்டை கடைசியாக எங்கள் வீட்டில் இருந்ததாக எனக்கு ஞாபகம், பாயின் வீட்டில் என்று அவர் மகன் சொல்கிறார். ஆல்பத்தின் பெயரை நீங்கள் யாராவது கண்டுபிடித்துச் சொல்வீர்கள் என்ற ஆசையில் இதை எழுதவில்லை. கண்டுபிடித்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மாடியறைக் கூரையில் ஒழுகி, தகரப் பெட்டியைச் சுவரோரம் நகர்த்தியிருந்தோம். மேகம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சு நீண்டுவிட்டது. இரண்டு டிரம்ஸ்காரர்களில் யார் உசத்தி என்று பாயும் டர்னரும் சண்டை. அம்மா டர்னர் கட்சியில் சேர்ந்துகொண்டு பாயை மடக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று டர்னர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, அம்மாவின் ரிக்கார்டைத் தட்டில் வைத்து, வளையத்தின் மேல் விரலை வைத்தார்.

"கழட்டட்டுமாக்கா?"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எதுக்கு? மணி நாலாகப் போகுது, பாய் தொழுகைக்குப் போகணும். வேகமாவே போடுங்க" என்று சொல்லிவிட்டு, "நீங்க சொல்லுங்க பாய், அந்தாளு எந்த இடத்துல தப்பு விட்டான்?" என்று பேச்சைத் தொடர்ந்தாள்.

டர்னர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ரிக்கார்டு வேகமாகவே ஓடியது. அம்மா அதைப் பாதிதான் கேட்டிருப்பாள்.

மழை பெரிதாவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று கிளம்பினோம். தெருவெல்லாம் தண்ணீர். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாயை மடக்க இன்னும் என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அவள் நடைக்கு ஈடு கொடுக்க நான் பாதித் தூரம் ஓட வேண்டியிருந்தது.